‘பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.’: பிரித்துக் கேட்கவும், குழுவாக வாசிக்கவும், பொருள் கெடாமல் பாடவும் ஒரு முழு வழிகாட்டி

அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் இந்தப் பாட்டு, வியட்நாம் போரிலிருந்து ஊர் திரும்பி வேலை கிடைக்காமல் நிற்கும் ஒருவனின் கதை. இதில் மொத்தம் இரண்டே கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகள்). கீபோர்டில் ஒரே ஒரு சின்ன இசைத் துணுக்கு தொடக்கம் முதல் கடைசி வரை சுழல்கிறது. ஓரளவு பழகிய குழு இதை அரை மணி நேரத்தில் பிடித்துவிடும். ஆனாலும் பெரும்பாலான குழுக்கள் வாசிக்கும்போது இது வெறும் வெற்றி முழக்கமாகிவிடுகிறது. சுரத்தில் பிழை இருக்காது, தாளமும் தவறாது. மூலப் பதிவில் காலியாக விட்ட இடங்களை நிரப்பிவிடுகிறார்கள், பிழை அங்கேதான். பல்லவி வராத இடத்தில் பல்லவியைப் போடுகிறார்கள், வரி இல்லாத இடத்தில் கிட்டார் தனி வாசிக்கிறார்கள். அந்தக் காலி இடங்களைக் காப்பாற்றுவதுதான் இந்த வழிகாட்டியின் முதல் நோக்கம். ஒலி அமைப்பும் கருவி விவரங்களும் அதற்குத் துணை.

தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

பாட்டு பதிவானது 1982 ஏப்ரல்–மே மாதங்களில், நியூயார்க் நகரின் பவர் ஸ்டேஷன் ஸ்டுடியோவில், அவருடைய ஈ ஸ்ட்ரீட் பேண்ட் குழுவோடு. வெளியானது 1984 ஜூன் 4 அன்று, அதே பெயர் கொண்ட ஆல்பத்தின் முதல் பாட்டாக. நீளம் 4 நிமிடம் 39 நொடி. ஸ்ருதி பி மேஜர், தாளம் 4/4, வேகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 122 துடிப்பு.

பாட்டு இந்த வடிவத்தில் பிறக்கவில்லை. ‘வியட்நாம்’ என்ற பெயரில் ஸ்பிரிங்ஸ்டீன் ஒரு பாட்டை எழுதிக்கொண்டிருந்தார். இயக்குநர் பால் ஷ்ரேடர் அனுப்பியிருந்த ஒரு திரைக்கதையின் தலைப்பு அவர் கண்ணில் பட்டது. தலைப்பு பாட்டுக்கு வந்துவிட்டது. படம் பிறகு 1987இல் ‘லைட் ஆஃப் டே’ என்று வேறு பெயரில் வெளியானது. 1982 தொடக்கத்தில் நியூ ஜெர்சியின் கோல்ட்ஸ் நெக் ஊரில், வீட்டிலேயே நான்கு டிராக் கேசட் கருவியில் அவர் தனியாகப் பதிந்த பாட்டுகளே அந்த ஆண்டு ‘நெப்ராஸ்கா’ ஆல்பமாக வந்தன. இந்தப் பாட்டின் முதல் பதிவும் அதே காலத்து வீட்டுப் பதிவுதான். வெறும் கிட்டாரும் குரலும். அது 1998இல் வந்த ‘டிராக்ஸ்’ தொகுப்பில் இருக்கிறது. அந்தப் பதிவை இப்போது கேட்க வேண்டாம், நான்காம் படியில் கேட்கலாம்.

இந்தப் பாட்டைச் சேர்க்கும் இசை வகைக்கு ‘ஹார்ட்லேண்ட் ராக்’ என்று பெயர்; அதைப் பார்த்து இது அமெரிக்காவின் நடுப்பகுதி இசை மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. இண்டியானாவின் ஜான் மெல்லன்கேம்ப், மிச்சிகனின் பாப் சீகர் ஆகியோருக்கு அந்தப் பெயர் நிலவியல்படியும் பொருந்தும். டாம் பெட்டி புளோரிடாக்காரர், ஸ்பிரிங்ஸ்டீன் கடலோர நியூ ஜெர்சிக்காரர். இவர்களைச் சேர்த்துக் கட்டுவது ஊர் அல்ல, பாடுபொருள்: ஆலை வேலை, ஆலை மூடல், சிறுநகரத்தில் மாட்டிக்கொண்ட வாழ்க்கை, ஓட ஒரு நெடுஞ்சாலை. பாட்டு பதிவான 1982இன் இறுதியில் அமெரிக்காவில் வேலையில்லாதோர் விகிதம் 10.8 சதவீதத்தைத் தொட்டது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வேலை கேட்டு நிற்கும் ஒருவனைப் பற்றிய பாட்டுக்கு அந்த எண் அந்நியமானதல்ல.

படி 1: ஒரு தாளும் பென்சிலும்

கருவியைத் தொடாமல் நல்ல ஹெட்போனில் மூன்று முறை கேளுங்கள். முதல் முறை துடிப்பை மட்டும் எண்ணுங்கள். பி கார்டு 4 பார் (ஒரு பாருக்கு நான்கு துடிப்பு) நிற்கும், பிறகு இ கார்டு 4 பார். இந்த 8 பார்தான் பாட்டின் ஒரே செங்கல். 122 துடிப்பில் ஒரு செங்கலுக்கு ஏறத்தாழ 15.7 நொடி ஆகும். தாளில் ஒவ்வொரு செங்கலுக்கும் ஒரு கட்டம் போடுங்கள்.

இரண்டாம் முறை கட்டங்களுக்குள் பெயர் எழுதுங்கள்: சரணம், பல்லவி, கருவி மட்டும். திரைப்பாட்டில் பல்லவி முதலில் வந்து பழகிய காதுக்கு இங்கே வரிசை மாறியிருக்கும். முதலில் சரணம், பிறகு பல்லவி. ஒரு சரணம் ஒரு செங்கல், ஒரு பல்லவி ஒரு செங்கல்.

மூன்றாம் முறை, பல்லவி *வராத* இடங்களை வட்டமிடுங்கள். முதல் சரணத்துக்குப் பின் பல்லவி வருகிறது. இரண்டாம் சரணத்துக்குப் பின்னும் வருகிறது. மூன்றாவது சரணத்தில் அவன் ஊர் திரும்பி வேலை கேட்கிறான். அதற்குப் பின் பல்லவி இல்லை, கருவி இசை மட்டும் ஓடுகிறது. அடுத்து, போரில் இறந்த சகோதரனைப் பற்றிய பகுதி. அங்கும் பல்லவி இல்லை. ஆலையின் தீநாக்குக்கும் சிறைச்சாலையின் நிழலுக்கும் நடுவே அவன் நிற்கும் கடைசிச் சரணம் முடிந்த பிறகுதான் பல்லவி திரும்புகிறது.

இந்த வட்டங்கள்தான் பாட்டின் வரைபடம். தாளைப் பத்திரமாக வையுங்கள். ஒத்திகையில் எல்லோர் முன்னும் அது ஒட்டியிருக்க வேண்டும்.

படி 2: இரண்டு கார்டும் வராத மூன்றாவதும்

பி மேஜர் கார்டின் சுரங்கள் பி, டி ஷார்ப், எஃப் ஷார்ப். இ மேஜர் கார்டின் சுரங்கள் இ, ஜி ஷார்ப், பி. நம் வழக்கில் சொன்னால், பி-யை ‘ச’ என்று வைத்தால் இ ‘ம’. இரண்டுக்கும் பொதுவான சுரம் பி. ஆகவே கார்டு மாறினாலும் தரை மாறியதாகத் தோன்றாது.

சாதாரண ராக் பாட்டில் மூன்றாவதாக ஒரு கார்டு வரும். இங்கே அது எஃப் ஷார்ப் மேஜர், அதாவது ‘ப’வின் மேல் நிற்கும் கார்டு. அது வந்தால்தான் ‘இதோ வீடு திரும்புகிறோம்’ என்ற இழுப்பு உண்டாகும். இந்தப் பாட்டில் அது வருவதே இல்லை. ‘ச’வுக்கும் ‘ம’வுக்கும் நடுவே ஊசலாடுவது மட்டும்தான். வீடு திரும்பியும் வீடு சேராத ஒருவனின் கதைக்கு இதைவிடப் பொருத்தமான கார்டு அமைப்பு கிடைக்காது. கீபோர்டு வாசிப்பவர் பழக்கத்தில் பல்லவிக்கு முன் எஃப் ஷார்ப்பைத் தொட்டுவிடுவார். அதைத் தொடவே கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கிட்டாருக்கு: பி கார்டு இரண்டாம் ஃப்ரெட்டில் பாரே (ஒரே விரலால் பல தந்திகளை அழுத்துவது), இ கார்டு திறந்த நிலையில். பாரே வலித்தால் 2ஆம் ஃப்ரெட்டில் கேபோ (தந்திகளை அழுத்தும் கவ்வி) போட்டு ஏ, டி வடிவங்களைப் பிடியுங்கள். 4ஆம் ஃப்ரெட்டில் கேபோ போட்டால் ஜி, சி வடிவங்கள் போதும். பாடகரின் குரல் எட்டாவிட்டால் ஸ்ருதியையே ஏ-க்கோ ஜி-க்கோ இறக்குங்கள். அதில் குறைச்சல் எதுவும் இல்லை. குரல் கிழிந்து உடைவதைவிட இரண்டு சுரம் இறங்குவது மேல்.

படி 3: ஒலியைக் கட்டுதல்

*கீபோர்டு.* அந்தப் புகழ்பெற்ற துணுக்கை வாசித்தவர் ராய் பிட்டன். கருவி யமஹா சி.எஸ்.-80, அனலாக் சிந்தசைசர். அது இன்று கிடைப்பது அரிது, கிடைத்தாலும் தூக்கி மேடையேற்றுவது பெரும்பாடு. எந்தக் கீபோர்டிலும் ‘சிந்த் பிராஸ்’ (பித்தளை ஊதுகருவி போன்ற) வகை ஒலியை எடுத்துத் திருத்திக்கொள்ளலாம். நீங்களே அமைப்பதானால் இரண்டு சாடூத் ஆஸிலேட்டர்களை (ஒலி உண்டாக்கும் பகுதிகள்) போட்டு, ஒன்றின் ஸ்ருதியை 5 முதல் 8 சென்ட் (அரைச் சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) விலக்குங்கள். அட்டாக் (ஒலி எழும் நேரம்) 10 மில்லிநொடி அளவில், சஸ்டெய்ன் (நிற்கும் அளவு) உயரத்தில், ரிலீஸ் (அடங்கும் நேரம்) 200 மில்லிநொடிக்குள். ஃபில்டரை முழுக்கத் திறக்காதீர்கள். முழுக்கத் திறந்தால் ஒலி கொசுவின் ரீங்காரம் போலாகி ஸ்னேர் டிரம்மோடு மோதும். பாதிக்கு மேல் திறந்து, காதில் ‘பித்தளை’ என்று பட்ட இடத்தில் நிறுத்துங்கள். கீழே ஒரு பியானோ ஒலியை மெல்லியதாகச் சேர்த்தால் ஒவ்வொரு சுரத்தின் தொடக்கமும் கூர்மை பெறும்.

துணுக்கைக் காதால் எடுங்கள். சுரங்கள் குறைவு, வீச்சும் சிறியது. பல்லவியின் மெட்டில் அதன் சாயல் இருப்பதால், பல்லவியைப் பாடத் தெரிந்தால் துணுக்கு பாதி வந்துவிட்டது. கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கார்டு இ-க்குப் போகும்போது துணுக்கு கூடவே போகாது. அதே சுரங்கள் அப்படியே நிற்கும், அடியில் தரைதான் மாறும். பலர் இ வந்ததும் துணுக்கையும் நகர்த்திவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் பிடிவாதம் போய்விடும். உலகம் மாறினாலும் ஒருவன் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறான் என்ற உணர்வு அந்தப் பிடிவாதத்தில்தான் இருக்கிறது. கீபோர்டில் தொடு உணர்வை அணைத்துவிட்டு எல்லாச் சுரமும் ஒரே பலத்தில் வரும்படி வையுங்கள். இடது கை பேஸ் பகுதியைத் தொட வேண்டாம், அங்கே பேஸ் கிட்டார் இருக்கிறது.

*ஸ்னேர்.* இந்தப் பதிவைப் பத்தடி தூரத்திலிருந்தே அடையாளம் காட்டுவது டிரம்மர் மேக்ஸ் வைன்பர்க்கின் ஸ்னேர் அடி. துப்பாக்கி வெடித்ததும் கதவை அறைந்து சாத்தினாற்போன்ற ஒலி. அடி பெரியதாக இருக்கும், ஆனால் நீளாது. வழி இது:

ஆறரை அங்குல ஆழமுள்ள ஸ்னேர் நல்லது. மேல்தோலை நடுத்தரத்துக்குச் சற்று மேல் இறுக்குங்கள். மேல்தோலில் ஒட்டுத்துண்டு ஒன்று போதும், மோதிரம்போல் முழு வளையம் வைத்தால் உயிர் போய்விடும். மைக் ஒலியை 1.5 முதல் 2 நொடி நீளமுள்ள பிளேட் அல்லது ரூம் ரிவெர்ப்புக்கு (செயற்கை எதிரொலி) அனுப்புங்கள். அந்த ரிவெர்ப்புக்குப் *பின்னால்* ஒரு நாய்ஸ் கேட் (ஒலியைச் சட்டென்று அடைக்கும் கருவி) வையுங்கள். கேட்டைத் திறக்கும் சைகை ரிவெர்ப்பிலிருந்து வரக் கூடாது, நேரடி ஸ்னேர் மைக்கிலிருந்து வர வேண்டும். ஹோல்டு (கேட் திறந்து நிற்கும் நேரம்) 200 முதல் 250 மில்லிநொடி, ரிலீஸ் (மூடும் நேரம்) 30 முதல் 50 மில்லிநொடி. கணக்கு எளிது. 122 வேகத்தில் ஒரு துடிப்புக்கு 492 மில்லிநொடி. ஆகவே ஒலி அரைத் துடிப்புக்கு நின்று, அடுத்த துடிப்பு வரும் முன் மறைந்திருக்க வேண்டும்.

எங்கே கெடும்? ஹை-ஹாட் (டிரம் தொகுப்பின் ஜோடித் தட்டு) ஒலிக் கசிவு கேட்டைத் திறந்துவிட்டால் ரிவெர்ப் விட்டுவிட்டு இருமும். கேட்டின் சைகைப் பாதையில் மேல் அலைவரிசைகளை வெட்டுங்கள், ஸ்னேரின் உடல் ஒலி கேட்கும் 200 ஹெர்ட்ஸ் பகுதி மட்டும் அதைத் திறக்கட்டும். அரங்கமே எதிரொலிக்கும் கூடமாக இருந்தால் செயற்கை ரிவெர்ப்பைப் பாதியாகக் குறையுங்கள். இல்லாவிட்டால் இரண்டு எதிரொலியும் கலந்து தாளம் சேறாகிவிடும். ஒலி பெரிதாக இருப்பதால் வாசிப்பவர் மெல்ல அடிக்கலாம் என்று நினைப்பதும் தவறு. மெல்லிய அடியைப் பெருக்கினால் பெரிய மெல்லிய அடிதான் கிடைக்கும்.

*யார் எப்போது நுழைவது.* தொடக்கத்தில் கீபோர்டும் ஸ்னேரும் மட்டுமே முன்னால் நிற்கும். முதல் சரணமும் முதல் பல்லவியும் அந்த வெறுமையில்தான் பாடப்படுகின்றன. இரண்டாம் சரணத்துக்குக் குழு முழு எடையோடு வந்து விழுகிறது. கேரி டாலன்ட்டின் பேஸும் கிக் டிரம்மும் அங்கேதான் தரையைப் போடுகின்றன. முதல் 30 நொடிக்கு மேல் கைகட்டி நிற்க பேஸ் கலைஞருக்குப் பொறுமை வேண்டும். முதல் பாரிலேயே எல்லோரும் பாய்ந்துவிட்டால் பிறகு ஏறுவதற்குப் படியே இருக்காது.

*கிட்டார்.* பின்னால் நிற்க வேண்டும். மிதமான டிரைவ் (ஒலிக் கரகரப்பு), கூர்மையான டிரெபிள் (மேல் ஒலி), பாரின் முதல் துடிப்பில் அடித்து ஒலிக்க விடுவது. ஈ ஸ்ட்ரீட் பேண்டின் அடையாளமான சாக்ஸபோன் தனிவாசிப்பும் இந்தப் பாட்டில் இல்லை. உங்கள் குழுவில் சாக்ஸ் கலைஞர் இருந்தால் இந்தப் பாட்டுக்கு அவரிடம் டாம்பரின் கொடுங்கள்.

*வேகம்.* மேடையில் இந்தப் பாட்டு தானாகவே ஓடத் தொடங்கும். 130ஐத் தொட்டால் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று இடறும். டிரம்மர் காதில் மெட்ரோனோம் ஒலிக்கட்டும்.

படி 4: சொற்களைப் பிரித்தல்

இப்போது ‘டிராக்ஸ்’ தொகுப்பில் உள்ள வீட்டுப் பதிவைக் கேளுங்கள். ஸ்னேர் இல்லை, பித்தளை இல்லை. அதே மனிதன், அதே கதை. முழக்கம் என்று நினைக்க அங்கே இடமே கிடையாது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு வரிகளுக்கு வாருங்கள்.

முதல் சரணம்: செத்துப்போன ஊரில் பிறப்பு, தரையைத் தொட்டதும் முதல் உதை, அடிபட்டு அடிபட்டுப் பாதி வாழ்நாளைத் தன்னைக் காத்துக்கொள்வதிலேயே கழிக்கும் நாய். உடனே பல்லவி. அமெரிக்காவில் பிறந்தேன் என்று நான்கு முறை சொல்கிறான்.

இந்தப் பல்லவியைத் தமிழில் சொல்லிப் பாருங்கள், பாட்டின் நுட்பம் விளங்கும். ‘நான் அமெரிக்காவில் பிறந்தேன்’ என்பது வெறும் தகவல். ‘நான் இந்த மண்ணுலதான் பொறந்தேன்’ என்றால் முறையீடு. ‘நான் அமெரிக்காவுல பொறந்தவன்டா’ என்றால் மார்தட்டல். தமிழில் ஒரு ‘தான்’ அல்லது ‘டா’ போட்டதும் பொருள் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. மூல வரியில் அப்படிச் சாய்க்கும் அசை எதுவும் இல்லை. பெருமையும் முறையீடும் ஒரே சொல்லில் உட்கார்ந்திருக்கின்றன. பாடும்போது ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் குரலைச் சாய்க்காதீர்கள். அவன் உண்மையாகவே அந்த நாட்டை நேசித்ததால்தான் அவனுக்கு அவ்வளவு வலிக்கிறது.

இரண்டாம் சரணம்: ஊரில் ஏதோ சிறு வம்பில் மாட்டுகிறான், கையில் துப்பாக்கியைக் கொடுத்து அந்நிய நாட்டுக்கு அனுப்புகிறார்கள். நான்காம் வரியில் ஆசிய மக்களை இழிவாகக் குறிக்கும் நிறச் சொல் வருகிறது. அது பாடகனின் கருத்து அல்ல, அவனை அனுப்பியவர்கள் அவன் வாயில் திணித்த மொழி. அதை உற்சாகத்தோடு பாடினால் கேட்பவரைக் காயப்படுத்தும், முணுமுணுத்து மறைத்தால் குற்றச்சாட்டு மறைந்துவிடும். தெளிவாக, உணர்ச்சி ஏற்றாமல் சொல்லிக் கடக்க வேண்டும். சொல்ல மனம் ஒப்பாத பாடகர் இந்தப் பாட்டையே எடுக்காமல் விடலாம், அதுவும் நேர்மைதான்.

மூன்றாம் சரணத்தில் இரண்டு பேர் பேசுகிறார்கள். ஆலையில் ஆள் எடுப்பவர் ஒருவர், முன்னாள் படைவீரர் நிர்வாகத்தின் அலுவலர் ஒருவர். இருவருமே அவனை ‘மகனே’ என்று அழைத்துவிட்டுத்தான் கைவிரிக்கிறார்கள். நம் ஊர் அலுவலகத்தில் அது ‘தம்பி’ என்று வரும். ‘தம்பி, என் கையில இருந்தா…’ என்று இழுத்து நிறுத்தும் அந்தக் குரலை வரிசையில் நின்ற எல்லோரும் கேட்டிருப்பார்கள். முதலாமவரின் வாக்கியம் முடிவதே இல்லை. கத்திக்கொண்டே வரும் பாடகர் இந்த இரண்டு ‘மகனே’யிலும் மட்டும் குரலின் முனையை மழுக்க வேண்டும். எதிரில் நிற்பவர் கொடியவர் அல்லர், இரக்கத்தோடுதான் கதவைச் சாத்துகிறார்.

சரணம் முடிந்ததும் கேட்பவர் மனம் பல்லவிக்குத் தயாராகும், கூட்டத்தின் கைகள் உயரும். பல்லவி வராது. ‘இன்னும் புரியவில்லையா’ என்று அலுவலர் கேட்டதற்கு அவனிடம் பதில் இல்லை. கீபோர்டுத் துணுக்கு மட்டும் சுற்றிக்கொண்டிருக்கிறது. கூட்டம் தானாகப் பாடத் தொடங்கினால் பாடட்டும். பாடகர் மட்டும் மைக்கிலிருந்து ஓர் அடி பின்னால் போய் நிற்க வேண்டும்.

படி 5: கே சான் பகுதி, காலி பார்கள்

பாட்டின் இதயம் இது. மற்ற சரணங்களில் நான்கு வரிகள். இங்கே மூன்று குறுவரிகள்தான்: கே சானில் (தென் வியட்நாமில் இருந்த அமெரிக்கப் படைத்தளம்) ஒரு சகோதரன் இருந்தான், வியட் காங்கோடு (தென் வியட்நாமின் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள்) போரிட்டான், அவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள், அவன் இல்லை. நான்காவது வரி வர வேண்டிய இடத்தில் வரி இல்லை. ஆள் போன இடத்தில் வரியும் போய்விட்டது. பிறகு இரண்டே வரிகள்: சைகோனில் அவன் நேசித்த ஒரு பெண், அவள் அணைப்பில் அவன் இருக்கும் ஒரு புகைப்படம். மறுபடியும் கருவி இசை மட்டும்.

கே சான் முற்றுகை 1968 ஜனவரி 21இல் தொடங்கி ஏறத்தாழ 77 நாள் நீடித்தது. அங்கே அமெரிக்கர்களை முற்றுகையிட்டது பெரும்பாலும் வட வியட்நாமின் முறையான ராணுவம். பாட்டில் வரும் ‘வியட் காங்’ ஒரு சிப்பாயின் பொதுப்பேச்சு, அதை வரலாற்றுக் குறிப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவ்வளவு உயிர் கொடுத்துக் காத்த அந்தத் தளத்தை அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்கப் படை கைவிட்டு வெளியேறியது. ‘அவர்கள் இன்னும் அங்கே’ என்ற சொற்களின் கனம் அதில் இருக்கிறது.

தமிழில் மொழிபெயர்க்க முனைபவர்கள் இந்த இடத்தில் தடுமாறுவார்கள். மூலச் சொல்லான ‘பிரதர்’ உடன்பிறந்தவனையும் குறிக்கும், தோளோடு தோள் நின்ற சக சிப்பாயையும் குறிக்கும். தமிழ் உடனே அண்ணனா தம்பியா என்று கேட்கும். ‘அண்ணன்’ என்று போட்டால் குடும்ப இழப்பாகிவிடும், ‘தோழன்’ என்றால் ரத்தம் போய்விடும். ‘கூடப்பிறந்தவன் மாதிரி ஒருத்தன்’ என்று விளக்கினால் வரி செத்துவிடும். ‘சகோதரன்’ என்பது பேச்சில் யாரும் சொல்லாத சொல்தான், ஆனாலும் இங்கே அதுவே இரண்டு கதவையும் திறந்து வைக்கிறது.

வாசிப்பில் செய்ய வேண்டியவை: அந்தக் காலி பார்களில் டிரம் உருட்டல் வேண்டாம், கிட்டார் நிரப்பல் வேண்டாம், பாடகர் ‘யே’ என்று கூவவும் வேண்டாம். துணுக்கும் ஸ்னேரும் மட்டும் மாறாமல் போகட்டும். ஒத்திகையில் இந்தப் பகுதியை மட்டும் தனியாகப் பத்து முறை ஓட்டுங்கள். ஐந்தாவது முறைக்குள் யாராவது ஒருவர் கை அரித்து எதையாவது வாசித்துவிடுவார். அந்தக் கையை அடக்கப் பழகுவதுதான் இந்த ஒத்திகை.

படி 6: குரல்

மூலப் பதிவில் ஸ்பிரிங்ஸ்டீன் தொடக்கம் முதலே உச்சக் குரலில் நிற்கிறார். அதை அப்படியே நகலெடுக்கத் தொண்டையை இறுக்கினால் இரண்டாம் பல்லவிக்குள் குரல் அடைக்கும். மூச்சை வயிற்றிலிருந்து தள்ளுங்கள், சொல்லின் மெய்யெழுத்துகளில் அழுத்தம் கொடுங்கள், உயிரெழுத்தை நீட்டிக் கத்தாதீர்கள். கரகரப்பு அளவாகத் தானே வரட்டும். ஒரு ஒத்திகையில் முழுக் குரலில் மூன்று தடவைக்கு மேல் பாடாதீர்கள். மற்ற நேரம் அரைக் குரல் போதும்.

மைக் வாயிலிருந்து 5 செ.மீ. தொலைவில், டைனமிக் வகையாக இருக்கட்டும். கம்ப்ரஷன் (ஒலியின் ஏற்றத்தாழ்வைக் குறைப்பது) 4:1. எதிரொலி சேர்ப்பதானால் 120 மில்லிநொடி, ஒரே ஒரு திரும்பல். இந்த வேகத்தில் அது கால் துடிப்புக்குச் சமம் என்பதால் தாளத்தில் ஒட்டிக்கொள்ளும்.

கடைசிச் சரணத்தில், ஓட இடமில்லை, போகவும் இடமில்லை என்கிறான். அந்தச் சொற்கள் 1965இல் மார்த்தா அண்ட் தி வாண்டெல்லாஸ் பாடிய காதல் பாட்டின் தலைப்பை நினைவூட்டுபவை. அதற்குப் பின் தன்னை ‘லாங் கான் டாடி’ (எப்போதோ போய்விட்டவன்) என்று சொல்லிக்கொள்கிறான். அது ஹாங்க் வில்லியம்ஸின் 1948 பாட்டின் சொல். இரண்டுமே வானொலியில் ஒலித்த பழைய பாட்டுகளின் சொற்கள். வேலையும் சகோதரனும் போனபின் அவனிடம் மிஞ்சியிருப்பது அவைதான். இந்த இடத்தில் குரலில் ஒரு சிரிப்பின் சாயல் வரலாம். பாட்டில் அதற்கு இடமுள்ள ஒரே இடம் இது.

படி 7: தவறாகக் கேட்கப்பட்ட வரலாற்றைத் தெரிந்து வைத்தல்

மேடையில் அறிமுகம் பேசுபவர் உண்மையை நேராகச் சொல்ல வேண்டும். 1984 செப்டம்பர் 13 அன்று பத்தி எழுத்தாளர் ஜார்ஜ் வில், ஸ்பிரிங்ஸ்டீனின் நிகழ்ச்சியைப் பாராட்டி, அந்தப் பல்லவியை உற்சாகமான உறுதிமொழியாக எழுதினார். செப்டம்பர் 19 அன்று நியூ ஜெர்சியின் ஹாமன்டன் ஊரில் அதிபர் ரேகன், தேர்தல் பேச்சில் ஸ்பிரிங்ஸ்டீனின் பாடல்களில் நம்பிக்கைச் செய்தி இருப்பதாகச் சொன்னார். ரேகன் பெயர் சொன்னது பாடகரை, இந்தப் பாட்டை அல்ல. பலர் இதை மாற்றிச் சொல்கிறார்கள். சில நாளில் ஸ்பிரிங்ஸ்டீன் பிட்ஸ்பர்க் மேடையில், அதிபர் என் ஆல்பங்களில் எதைக் கேட்டிருப்பார் என்று கேட்டுவிட்டு, வேலையிழந்து கொலைக்குப் போகும் ஆலைத் தொழிலாளியின் பாட்டான ‘ஜானி 99’ஐப் பாடினார். ‘பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.’ தனி சிங்கிளாக வந்தது அந்த அக்டோபர் இறுதியில்தான். பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 9ஆம் இடம் வரை போனது.

ஒலியே ஏமாற்றிவிட்டது என்று சொல்வது எளிது. ஆனால் வீட்டுப் பதிவு கையில் இருந்தும் முழுக்குழுப் பதிவைத்தான் ஸ்பிரிங்ஸ்டீன் ஆல்பத்தின் முதல் பாட்டாக வைத்தார். பிற்காலத்தில், 1995இல் தொடங்கிய தனிப் பயணத்தில், இதையே 12 தந்திக் கிட்டாரில் ஸ்லைடோடு இருண்ட பாட்டாகவும் வாசித்தார். இரண்டும் அவருடையவைதான். ஒலி கூட்டத்தைக் கூட்டுகிறது, கூடிய கூட்டத்திடம் சரணம் பேசுகிறது. ஒன்றைக் கழித்தால் மற்றது பாதியாகிவிடும்.

படி 8: முடிப்பது

மூலப் பதிவின் இறுதியில் எல்லாம் நொறுங்கி, டிரம் மட்டும் வெடித்து உருண்டு, பிறகு குழு மறுபடி சேர்ந்துகொள்ளும். வைன்பர்க் அதை எழுதி வைத்து வாசிக்கவில்லை. ஸ்பிரிங்ஸ்டீனின் சைகையைப் பார்த்து அந்த நொடியில் வாசித்தது. உங்கள் டிரம்மரும் அதைச் சுரம் சுரமாக மனப்பாடம் செய்ய வேண்டாம். பாடகர் கையை உயர்த்தியதும் மற்ற எல்லோரும் நிறுத்துவது, 4 முதல் 8 பார் வரை டிரம்மர் விருப்பப்படி உடைப்பது, கை இறங்கியதும் துணுக்கு பி கார்டில் நுழைவது. இந்த மூன்றை மட்டும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். உடைப்பின்போது மெட்ரோனோமை டிரம்மர் காதிலிருந்து எடுத்துவிடலாம். திரும்பும்போது வேகம் ஏறியிருந்தால் கீபோர்டு கலைஞர்தான் அதை இழுத்துப் பிடிக்க வேண்டும், ஆகவே அவர் டிரம்மரைப் பார்த்து நிற்கும்படி மேடையை அமையுங்கள்.

பதிவு மெல்ல மங்கி மறைகிறது. மேடையில் அது முடியாது, எங்காவது நிறுத்தியாக வேண்டும். பெரும்பாலான குழுக்கள் பி கார்டில் ஓங்கி அடித்து முடிக்கின்றன, அரங்கம் அதிரும். இ கார்டின் நாலாவது பாரில் நிறுத்திப் பாருங்கள். ஸ்னேரின் கடைசி அடியை கேட் சட்டென்று வெட்டிவிடும், கார்டு தரை தொடாமல் அந்தரத்தில் நிற்கும். கைதட்டல் வர ஒரு நொடி தாமதமாகும். அந்த ஒரு நொடி முடியும் வரை யாரும் தந்தியைத் தொடாதீர்கள்.